பளபளத்த இரண்டு தட்டுகள்

சீஸ் பேஸ்ட்ரி செய்யப் பெரிய கைத்திறன் வேண்டாம். கடையில் உறைய வைத்து விற்கும் பஃப் மாவுத் தகட்டை வாங்கிச் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு கரண்டி சீஸ் கலவை வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினால் போதும். மேலே அடித்த முட்டையைத் தடவி ஓவனில் வைத்தால் இருபது நிமிடத்தில் பொன்னிறமாக உப்பி வந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கே இரண்டு நாளில் கை பழகிவிட்டது. அந்த எளிய வேலையில்தான் இரண்டு பெண்களுக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன்.

மட்டாஞ்சேரிக்கு நான் திட்டமிட்டு வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் பேக்கரி, மங்களூரில் மீன் லாரி என்று எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. எறணாகுளத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தபோது சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிய பிறகு செங்கல் தூக்க முடியவில்லை, மாவு உருட்ட முடிந்தது. கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால், விருந்துப் பலகாரங்களை வீட்டிலேயே செய்து கொடுக்கும் ஓர் இத்தாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள். மலையாளம்தான் அவர் பேச்சு, எனக்காகப் பாதியைத் தமிழாக்கிப் பேசுவார். தமிழனை மலையாளத்தில் இளக்காரமாகச் சொல்வதுபோல என்னைப் "பாண்டி" என்று கூப்பிடுவார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும்.

இத்தாவுக்கு ஒரு தோழி உண்டு. இரண்டு தெரு தள்ளி இருக்கும் குஜராத்தி ஜைன வீட்டுப் பெண்மணி. தெருவே அவரைப் பென் என்றுதான் அழைக்கும், குஜராத்தியில் அக்கா என்று பொருள். இருவரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்ததில் தொடங்கிய பழக்கம். பென் வந்தால் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் எதையும் வாயில் வைக்க மாட்டார்.

"முப்பது வருஷமா என் வீட்டுல ஒரு சாயா குடிச்சிருக்காளான்னு கேளு பாண்டி," என்று அவர் முன்னாலேயே இத்தா கேலி செய்வார். "குடிக்கிற வெள்ளம்கூட சொந்தக் குப்பியில கொண்டு வரும் இந்த மகாராணி."

"நின்னோட அடுக்களையில மீன் நாத்தம். நான் இங்க இருந்து மூச்சு விடுறதே பெரிய காரியம்," என்பார் பென்.

பெருநாளுக்கு இத்தா அந்த வீட்டுக்குப் பழம் அனுப்புவார். வெட்டாத, முழுப் பழங்கள். இத்தா வீட்டிலிருந்து போவதில் பென் சாப்பிடுவது அது ஒன்றுதான். நான் சேர்ந்த வருடம் கூடையைக் கொண்டுபோனது நான். பென் எட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "அவள் சுகமா இருக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

பேத்தியின் பிறந்தநாள் வந்தபோது அந்தப் பிள்ளை சீஸ் பேஸ்ட்ரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. வெளிக் கடையில் வாங்க பென்னுக்கு மனமில்லை. முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பிறகு, "நீ செய்வியா?" என்றார்.

இத்தா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "உன் அடுக்களை மாதிரி செய்றேன். என் பிள்ளைங்க மேல சத்தியம். ஆனா நீயும் ஒண்ணு தின்னணும்."

"தின்னலாம்," என்றார் பென்.

அந்த வாரம் முழுவதும் இத்தா புதுப்பெண் போல நடமாடினார். புதுத் தட்டு, புதுக் கத்தி, புது பிரஷ் வாங்கினார். சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு மூன்றும் ஜைனர்களுக்கு ஆகாது. அதனால் பன்னீர், சோளம், குடமிளகாய், மிளகு என்று கலவையை மாற்றினார். முட்டைக்குப் பதிலாகப் பால், வெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள். அன்று வீட்டில் மீன் கிடையாது என்று கணவரைத் தங்கை வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டார்.

முந்தின நாள் இடக்கொச்சியில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குச் சிக்கன் பேஸ்ட்ரி செய்து கொடுத்திருந்தோம். தடவியது போக அடித்த முட்டை மீதமிருந்தது.

"அதைக் கொட்டிட்டுப் பாத்திரத்தைக் கழுவு. இந்த வீட்டுல முட்டைன்னு ஒண்ணு இருக்கக் கூடாது, கேட்டியா?" என்றார் இத்தா.

நான் கொட்டவில்லை. இரண்டு முட்டைக்கு மேல் இருக்கும். பேருந்து நிலையங்களில் படுத்துக் கிடந்த நாட்களில், ஒரு டீயை இரண்டு வேளைக்கு வைத்துக் குடித்திருக்கிறேன். தின்னும் பொருளைச் சாக்கடையில் ஊற்ற இந்தக் கைக்கு வராது. ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, தட்டால் மூடி, ஃப்ரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் வைத்தேன். நாளை எல்லாம் முடிந்த பிறகு ஆம்லெட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் இத்தா கலக்கிய பாலையும் வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்று ஃப்ரிட்ஜில்தான் வைத்திருக்கிறார். அதுவும் எவர்சில்வர் டம்ளர், அதற்கும் மூடி தட்டுதான். அதற்கு இடம் பண்ண அவர் தயிர்ச் சட்டியை நகர்த்தியதில் எது முன்னால், எது பின்னால் என்பது மாறிப்போயிருக்கிறது. நான் கதவைத் திறந்ததும் கைக்கு வந்ததை எடுத்தேன். மஞ்சள் நிறம்தானே, சந்தேகம் வரவில்லை. இரண்டு தட்டுகளுக்குத் தடவி ஓவனில் வைத்தேன். வெளியே வந்தபோது ஒவ்வொன்றும் வார்னிஷ் பூசியது போல இருந்தது.

"படச்சோனே! பாலுக்கு இப்படி மின்னுமோ?" என்று இத்தா கையைத் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாவது தட்டுக்கு டம்ளரில் போதவில்லை. தயிர்ச் சட்டியை நகர்த்தினேன். இன்னொரு டம்ளர் நின்றது. தட்டைத் தூக்கினேன். பால் வாசனை.

அந்த நிமிடம் வரை அது பிழைதான். இத்தா மூன்றடி தள்ளி நின்று அட்டைப் பெட்டியில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார். மணி மூன்று. ஜைன வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் விருந்து நான்கு மணிக்கே. சொல்லியிருந்தால் இரண்டு தட்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதை மட்டும் கொடுத்திருக்கலாம். ஆளுக்கு ஒன்று வராமல் போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. மூன்றாவது தட்டுக்குப் பாலைத் தடவினேன். அது மங்கலாக வெந்து வந்தது.

"இது மட்டும் ஏன்டா இப்படி வாடிப்போச்சு?"

"சூடு குறைஞ்சிட்டது இத்தா."

அவர் மங்கலானவற்றை அடியில் வைத்து, பளபளத்தவற்றை மேலே அடுக்கினார்.

பெட்டிகளை நான்தான் கொண்டுபோனேன். வீட்டில் பலூன் கட்டியிருந்தார்கள். பென் வாசலிலேயே ஒரு பெட்டியைத் திறந்தார். எல்லாருக்கும் முன்னால் தான் ஒன்றைச் சாப்பிட்டுப் பார்ப்பதாக இத்தாவிடம் சொல்லியிருப்பார் போல. நான் அவசரமாக அடியிலிருந்து மங்கலான ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இதை எடுங்க பென், இதுதான் நல்லா வெந்தது."

"அதென்ன, எனக்கு மட்டும் வாடின மூஞ்சியா?" என்று சிரித்தபடி மேலிருந்து ஒன்றை எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "முட்டை ஒண்ணும் சேர்க்கலையல்லோ?"

"இல்ல பென்," என்றேன்.

அவர் கண்ணை மூடி மென்றார். முழுவதையும் தின்றார். விரலில் ஒட்டிய பொடியைக்கூட விடவில்லை. "அவள் கிட்ட சொல்லு. முப்பது வருஷம் வீணாப் போச்சுன்னு."

அதை இத்தாவிடம் அப்படியே சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பசியில் திருடித் தின்றிருக்கிறேன், சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டு ஓடியிருக்கிறேன். அதெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை. இதைச் சுமந்துகொண்டு மட்டும் இருக்க முடியவில்லை. இத்தா அந்தப் புது பிரஷைக் கழுவித் தனி ஆணியில் மாட்டியிருந்தார். அடுத்த தடவைக்கு, பென்னுக்கென்று. ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்த்துக்கொண்டே மாவு வெட்ட வேண்டியிருந்தது. வைட்டிலாவுக்குப் போய் எந்த பஸ்ஸிலாவது ஏறிவிடலாம் என்று இரண்டு முறை பையைக் கட்டினேன். மூன்றாவது வாரம் பென் இன்னொரு விருந்துக்குச் சொல்லி அனுப்பினார். அன்று இத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு தட்டு போயிருக்கும்," என்றார். "இப்ப சொல்லி உன் பாரத்தை இறக்கிட்டே. இனி அது என் தலையில."

"நானே போய் பென் காலில் விழறேன் இத்தா."

"நீ போனா உன்னை ரெண்டு வார்த்தை திட்டி அவள் ஆறிடுவாள். சத்தியம் செஞ்சது நீயா?"

பர்தாவைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு திரும்பினார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை. மறுநாள் காலையில் ஆணி காலியாக இருந்தது. அந்தப் பிரஷ் முட்டைக் கிண்ணத்தில் கிடந்தது. எடுத்து சிக்கன் பேஸ்ட்ரிக்குத் தடவினேன்.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பென் அதன் பிறகு முக்காலிக்கு வரவில்லை.

பெருநாள் வந்தது. இத்தா ஆப்பிளும் ஆரஞ்சும் மாதுளையும் வாங்கி, துடைத்து, கூடையில் அடுக்கி என் கையில் கொடுத்தார். "கொண்டு போ. வாங்கினா வாங்கட்டும்."

பென் வாங்கிக்கொண்டார். உள்ளே கொண்டுபோகவில்லை. வாசல் வெளிச்சத்தில் கூடையை வைத்து, கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு பழமாக எடுத்துச் சுற்றிலும் திருப்பிப் பார்த்தார். ஒரு மாதுளையின் தோலில் சிறிய வெடிப்பு இருந்தது. அதை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அவள் சுகமா இருக்காளா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அந்த மாதுளையை இத்தாவிடம் காட்டாமல் வழியிலேயே தின்றுவிட்டேன்.