சக்கரத்தில் ஓடிய கிழட்டு எலி

அப்பாவிடம் எதைச் சொன்னாலும் தனக்கு வேண்டியது மட்டும்தான் அவர் காதில் ஏறும். சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் நடப்பதைப் போனில் சொல்லியிருந்தேன். இளம் எலிகளின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளை வெளியே விடும். அவற்றைப் பிரித்தெடுத்துக் கிழட்டு எலிகளுக்கு ஊசியாகப் போடுகிறோம். கூண்டு மூலையில் சுருண்டு கிடந்த ஒன்று, உள்ளே இருந்த சக்கரத்தில் ஏறி ஓடியது என்று. அவ்வளவுதான். என் பெண் கிழத்தைக் குமரியாக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார்.

லீவில் வந்து இறங்கியபோது விஷயம் கைமீறியிருந்தது. எங்கள் நாய் வராந்தாவில் சாக்கின்மேல் கிடந்தது. வயசாகிப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. பக்கத்தில் கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நாயின் முன்னங்காலில் முடியை மழித்தே வைத்திருந்தார்கள்.

"மருந்த எடும்மா. அவரு எவ்ளோ நேரம் காத்துனு இருப்பாரு" என்றார் அப்பா.

"என்ன மருந்துப்பா? அது எலிக்கு. நாய்க்குப் போட்டா என்ன ஆவும்னு எனக்கே தெரியாது."

"எங்கேயோ கெடக்கிற எலிக்குப் போடுவ. உன் கையால சோறு துன்ன நாய்க்குப் போட மாட்டியா?"

சுருக்கென்றது. அந்த நாய் இல்லாமல் அவர் ஒரு பௌர்ணமிக்கும் கிரிவலம் போனதில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவர் பேசுவதெல்லாம் அதனிடம்தான். அது போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்ற பயம் எனக்கு இல்லையா? கோபத்தில் என் பையைத் தரையில் கவிழ்த்தேன். துணி, சீப்பு, சார்ஜர்.

"பாத்துக்கோங்க. எதுவும் எடுத்துட்டு வரல."

கம்பவுண்டர் ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். "நான் அப்புறமா வரேங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா விடவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"சரி. அந்த எலி இப்பவும் ஓடுதா?"

ஓடுகிறது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லப்பா. ஓடி முடிச்சதும் மயக்கம் குடுத்துக் கொன்னுடுவோம். சதை, மூளையெல்லாம் எடுத்துப் பாத்தாதான் ஊசி உள்ள என்ன பண்ணுச்சுனு தெரியும். எல்லா எலிக்கும் அப்படித்தான்."

"யாரு கொல்றது?"

"நாந்தான்."

அப்பா குனிந்து, நாயைச் சாக்கோடு வாரித் தூக்கி, என்னைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார். அறைக் கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.