மாஸ்டரின் கையெழுத்து ஜெயந்தியிடம் இருந்தது

பத்து நாளைக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. பழனிசெட்டிபட்டியில் எங்கள் நூல் மில் ஆபீஸுக்குள் நான் நுழைந்து உட்காரக்கூட இல்லை. கிளார்க் ஜெயந்தி வந்து ஒரு டோக்கனை மேஜைமேல் வைத்தார்.

"சார், இத நீங்களே வச்சுக்கங்க. எங்கிட்ட இருந்தா தப்புப் பண்ணிருவேன்."

அது என்ன டோக்கன்? சொல்கிறேன். மூன்று மாதமாக எங்கள் மில்லில் பேப்பரை ஒழிக்கிறோம். லீவு, ஷிஃப்ட் மாற்றம்... எல்லாமே கம்ப்யூட்டர் ஃபாரம். கையெழுத்தும் டிஜிட்டல். செக்‌ஷன் தலைவர்களுக்கு ஆளுக்கொரு டோக்கன் — பென் டிரைவ் மாதிரி இருக்கும். சொருகி, பாஸ்வேர்ட் அடித்தால் ஃபாரத்தில் பச்சை டிக் விழும்.

ஏற்பாடு செய்தவன் நான்தான். 'பாஸ்வேர்டை பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதீர்கள்' என்று அரைமணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலமே ஒருவர் அதை எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டார் — மறந்துவிடுமாம்!

ஸ்பின்னிங் மாஸ்டர் பெருமாள்சாமி இன்னும் ஒரு படி மேலே. டோக்கன், பாஸ்வேர்ட் இரண்டையும் ஜெயந்தியிடம் கொடுத்துவிட்டார். மூன்று மாதமாக அவர் கையெழுத்தைப் போட்டது ஜெயந்தி!

"என்னம்மா ஆச்சு?"

"வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மதுரைல கண் ஆபரேஷன் சார். கூட இருக்க என்னைய விட்டா ஆளில்ல. நாலு நாள் லீவு கேட்டேன். மாஸ்டர் முடியாதுன்னுட்டாக. சனிக்கிழமை நானே ஃபாரத்தத் தொறந்து, அவுக டோக்கனச் சொருகி, பாஸ்வேர்டும் பாதி அடிச்சுட்டேன். அப்புறம் அவுக மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? பிடுங்கிட்டேன்."

யாருக்கும் தெரிந்திருக்காது. இருந்தும் பிடுங்கிவிட்டார்.

கோபத்தோடு டோக்கனை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன்.

"அம்மாவுக்கு ஆபரேஷன்னு கேட்டாக்கூட லீவு இல்லியா மாஸ்டர்?"

மாஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"அந்தப் புள்ள போயிருச்சுன்னா கையெழுத்த யாருய்யா போடுறது? எனக்கு அந்தப் பொட்டியத் தொடவே பயமா இருக்கு. எதையாச்சும் அமுக்கி, எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னா?"

ஓடுகிற மெஷினில் அறுந்த நூலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒட்டுகிற மனுஷர். மவுஸைப் பார்த்துப் பயம்!

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ரகசியம் காப்பது பற்றி அரைமணி நேரம் பேசினேனே... இவர் கையைப் பிடித்து மவுஸில் வைத்தேனா? பக்கத்தில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை மாற்றினோம். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். முதல் ஃபாரம் ஜெயந்தியின் லீவு. பச்சை டிக் விழுந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

பிறகு அவரே ஜெயந்தியின் மேஜைக்குப் போனார். "போயிட்டு வாத்தா. அம்மாவ நல்லாப் பாத்துக்க. நாலு நாள் பத்துமா?"

ஜெயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

ஆபீஸ்களில் 'முடியாது' என்ற வார்த்தைக்குப் பாதி நேரம் 'தெரியாது' என்றுதான் அர்த்தம். வெளியே சொல்லத்தான் வெட்கம்.

இப்போது ஸ்பின்னிங்கில் யார் லீவு கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பச்சை டிக்! நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு முறைத்தார்: "அந்தாளுக்கு ஏன்யா சொல்லிக்குடுத்த?"