வெற்றுத்தாளில் கையெழுத்திட்ட நிறுவனர்

சவரிராயன் லாபோர்த் ஒரு செய்தித்தாளை நிறுவினார். அதை ஒரு நாளும் வாசித்ததில்லை. வாழ்நாளெல்லாம் சிறைக்காவலராக இருந்து பிறரைப் பூட்டிவைத்தவர், ஓய்வுபெற்ற மறு வருடமே கருத்துச் சுதந்திரத்துக்குக் காவலரானார். இரண்டு உத்தியோகத்துக்கும் அதே முறுக்கிய மீசைதான்.

சைகோனுக்குத் தெற்கே, மேக்கோங் ஆறு பல கிளைகளாகப் பிரியும் இடத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தப் பட்டணத்தில் இதில் யாரும் விந்தை காணவில்லை. சட்டமே அப்படி. பிரெஞ்சு மொழியில் பத்திரிகை தொடங்கப் பிரெஞ்சுக் குடிமகனாயிருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் பிறந்தவர்கள் ஆளுநரைக் கேட்கலாம், ஆளுநர் மறுப்பார். சவரிராயனின் பாட்டனார் புதுச்சேரியில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்திட்டு, குலவழக்கங்களைத் துறந்து, லாபோர்த் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு, சந்ததி முழுவதையும் பிரெஞ்சுக்காரர்களாக்கியிருந்தார். ஆகவே மீன்சாறு விட்டு ரசம் குடிக்கும் தமிழர் பிரெஞ்சுக்காரர். பள்ளியில் பிரெஞ்சு இலக்கணம் கற்பித்து, வாய் சும்மா இராமல் வேலையை இழந்த லே வான் கியெம் பிரெஞ்சுக்காரர் அல்லர்.

கியெம்தான் அவரைத் தேடி வந்தான்.

"பெரியப்பா, உங்க பேரு எனக்கு வேணும்."

"பேரு மட்டுமா? ஆளு வேண்டாமா?"

"ஆளு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்."

சவரிராயனின் மனைவி துயெத் அந்த ஊர்க்காரி. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மனுஷனுக்கு மருந்துச் சீட்டையே நான்தான் படிச்சுக் காட்டணும்!"

"படிக்கிற வேலையெல்லாம் எங்களோடது பெரியம்மா" என்றான் கியெம்.

இப்படித்தான் 'லெ பாக்' பிறந்தது. தோணித்துறையில் ஆளேற்றும் படகு என்று பொருள். முதல் பக்கத்தின் உச்சியில் 'நிறுவனர்: ச. லாபோர்த்' என்று அச்சாகும். ஒவ்வொரு இதழிலும் சில பிரதிகளில் நிறுவனர் கையெழுத்திட்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இதற்காக வாராவாரம் அலைவானேன் என்று அச்சகத்தார் ஒரு வழி கண்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வெற்றுத்தாள்களின் அடியில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு மேலே எது வேண்டுமானாலும் அச்சாகும். பாட்டனாரும் படிக்காமல்தான் கையெழுத்திட்டார். குடும்பத்துக்கு அது ராசி என்று சவரிராயன் நம்பினார்.

கையெழுத்து முடிந்ததும் புளி மீன்குழம்பும் அரிசிச் சாராயமும் வரும். சாராயம் வந்ததும் சிறைக்கதைகள் வரும். அவற்றில் அச்சகமே கேட்டுக் கேட்டு ரசித்த ஒன்று, மேற்பார்வைத் துரை வந்த கதை.

"துரை வர்றாரு. உள்ள நிக்க இடமில்ல. என்ன செய்யிறது? நல்லா நிக்கிறவனாப் பாத்துப் பத்துப் பேரப் பொறுக்கி, குளிப்பாட்டி, முதல் கொட்டடியில நிறுத்தினோம். துரை பாத்துட்டு வெளிய திரும்புறதுக்குள்ள, பின்வாசல் வழியா அவனுங்கள ஓட்டிக்கிட்டுப் போயி அடுத்த கொட்டடியில நிறுத்தினோம். அங்கயும் அவனுங்கதான்! மூணாவதுலயும் அவனுங்கதான்! துரை ஒருத்தன உத்துப் பாத்து, 'உன்ன எங்கயோ பாத்திருக்கேனே'ன்னாரு. அந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? 'எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே மூஞ்சி துரை'ன்னான்!"

அச்சுக் கோர்ப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை கியெம் மட்டும் கேட்டான்: "மீதிப் பேரு எங்க பெரியப்பா?"

"நோயாளிங்களா? கிடங்குல போட்டுப் பூட்டினோம். துரை சாப்பிட உக்காந்துட்டாரு. எழுந்திரிக்கிற வழியக் காணோம். சாவி எங்கிட்ட. அப்புறம் தொறந்தா... சரி, அந்தக் குழம்ப இந்தப் பக்கம் தள்ளு."

கியெம் குழம்பைத் தள்ளினான்.

மழைக்காலத்தின் நடுவில் நீதிமன்றத்து அழைப்பு வந்தது. அரசை அவதூறு செய்த கட்டுரை ஒன்றை வெளியிட்டதாக நிறுவனர்மீது வழக்கு. சைகோனிலிருந்து வந்த வக்கீல் நிலைமையைப் பிட்டு வைத்தார். "முசே, வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. உங்கள விட்டுடுவாங்க. ஆனா எழுதினது யாருன்னு தேடுவாங்க. கியெம் குடிமகன் இல்ல. அவனத் தீவுச் சிறைக்கு அனுப்பிடுவாங்க. நான்தான் எழுதினேன்னு நீங்க சொன்னா உங்களுக்குச் சில மாசம் உள்ள."

"என் வீட்டுக்காரரு வீட்டுக்கு வரட்டும்" என்றாள் துயெத், யாரையும் பார்க்காமல்.

வரத்தான் சவரிராயனும் விரும்பினார். கம்பிகளுக்கு வெளியே நின்று பழகிய மனிதர். வெற்றுத்தாள், தெரியாது, வெற்றுத்தாள், தெரியாது என்று நீதிமன்றம் போகும் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனார்.

கட்டுரையை எழுத்தர் எழுந்து நின்று உரக்க வாசித்தார். முதல் வரியிலேயே சவரிராயனுக்குப் புரிந்துவிட்டது. கிடங்கு. வெயில் ஏறிய தகரக்கூரை. உள்ளிருந்து முதலில் வந்த கூச்சல், பிறகு வந்த தட்டும் ஓசை, அதுவும் நின்றபிறகு முற்றத்துக்கு அப்பால் கேட்ட துரையின் சாப்பாட்டுத் தட்டுகளின் ஓசை. கதவு திறந்தபோது எழுந்து நிற்காதவர்கள். எல்லாம் அவர் சொன்னவைதான். குழம்புக்கும் சாராயத்துக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிந்தியவை. கியெம் அவற்றைப் பொறுக்கி வரிசைப்படுத்தியிருந்தான், அவ்வளவே. பத்துப் பேர் ஓடிய கதை கடைசியில்தான் வந்தது. ஒரே மூஞ்சி என்ற பதிலும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வரும் இடத்தில் தன் உதடுகள் பழக்கத்தால் விரியத் தொடங்கியதை உணர்ந்த சவரிராயன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "சிறைக்குள் காலடியே வைக்காத எவனோ இட்டுக்கட்டிய பொய். அப்படி ஒரு நாளும் நடக்கவில்லை. அப்படி ஒரு கிடங்கும் இல்லை."

சவரிராயன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கிடங்கு இல்லையா? சாவியின் பாரம் இன்றும் இடுப்பில் இழுக்கிறதே!

"முசே லாபோர்த், இது உங்கள் கட்டுரையா?" என்றார் நீதிபதி.

வக்கீல் முன்னோக்கிச் சாய்ந்தார். கடைசி வரிசையில் இருந்த துயெத் எழுந்து நின்றாள். சாட்சிகளோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்த கியெம் தரையைப் பார்த்தான்.

"என்னோடதுதான்" என்றார் சவரிராயன். "ஆனா அதுல ஒரு தப்பு இருக்கு துரை. 'ஒரு காவலன் பூட்டினான்'னு போட்டிருக்கு. அந்தக் காவலனுக்குப் பேரு இருக்கு. முதல் பக்கத்துல, மேலேயே அச்சடிச்சிருக்கே, பாக்கலையா?"

தன் குரலைக் கேட்டு அவரே மிரண்டுபோனார். வக்கீல் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அரசு வழக்கறிஞர் வாய் திறந்தபடியே நின்றார். பொய் என்று சொன்னதைத் திரும்பப் பெறுவதா, காவலன்மீது தனி வழக்குப் போடுவதா என்று அவருக்கே விளங்கவில்லை. நீதிமன்றம் எளிய வழியைத் தேர்ந்தது. நடந்தது பொய், அதைச் சொன்னவருக்குச் சிறை.

சிறைவாசலில் நின்ற காவலன் அவரிடம் வேலை பழகியவன். பதறிப்போனான். "அண்ணே! யாரப் பாக்க வந்தீங்க?"

"என்னத்தான். சீட்டக் காட்டறாங்க, பாரு."

"ஐயோ! காத்து வர்ற கொட்டடியாப் பாத்துத் தர்றேண்ணே."

அன்று மாலை துயெத் சோற்றுத்தூக்கோடு வந்தாள். தூக்கின் அடியில் வெற்றுத்தாள்கள் மடித்துக் கிடந்தன. பழக்க தோஷத்தில் அச்சகத்தார் கொடுத்தனுப்பியவை. சவரிராயன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்.

"அச்சடிச்சுட்டுக் கொண்டா. நீ படிச்சுக் காட்டு. அப்புறம்தான் கையெழுத்து."

"இப்பதான் புத்தி வந்துச்சா?" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இத வெளிய இருந்தப்பவே செஞ்சிருக்கலாமில்ல?"

அவள் போனபின் காவலனிடம் ஒன்று கேட்டார். கிடங்கை ஒரு தரம் திறந்து காட்ட வேண்டும்.

"மூட்டை முடிச்சுதாண்ணே இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கதவு உட்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருடமும் அப்படித்தான் திறந்தார். வெளியே வந்துதான் பூட்டினார். கதவின் உள்முகத்தை அவர் பார்த்ததேயில்லை. இன்று உள்ளே போய் நின்று, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தச் சொன்னார். தகரக்கூரையின் ஓட்டை வழியே வந்த வெளிச்சம் கதவின் மரப்பலகைமீது விழுந்தது. நகக்கீறல்கள். தோள் உயரத்தில் கொஞ்சம், இடுப்பு உயரத்தில் நிறைய. தரையையொட்டி, ஒரு சாண் உயரத்தில்தான் ஆழமாக இருந்தன.

"அண்ணே, தொறக்கட்டுமா?" என்றான் வெளியே நின்றவன்.

சவரிராயன் தரையில் உட்கார்ந்து, அந்தக் கீறல்களில் தன் நகங்களை வைத்துப் பார்த்தார்.