பின்னறை காலியான கதை

என் அத்தைக்கு எதையும் கழிக்க மனம் வராது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை முழுக்க அவளுடைய சாமான்கள்தான். வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூல், ஜரிகைத் துணுக்கு, தையற்காரர் ஒதுக்கிய பூப்போட்ட சீட்டித் துணி, செவ்வாய்ச் சந்தையில் வாங்கிய கண்ணாடி மணி, பித்தான்கள், பிரிக்காத மல் துணிக் கட்டு. பெட்டிகள் நிறைந்து, கூடைகள் நிறைந்து, கடைசியில் நெல் குதிருக்குள்ளும் நூல்கண்டுகள் குடியேறிவிட்டன. நெல் மூட்டையோடு வெளியே கிடந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா கைலி வியாபாரத்துக்காக ரங்கூன் போனவர். எப்போதோ ஒரு முறை வந்துபோனார். அடுத்த முறை வந்ததும் சேலத்தில் சொந்த வீடு கட்டுவதாகச் சொல்லியிருந்தார். அத்தை சேர்த்ததெல்லாம் அந்த வீட்டுக்காக. மணியில் வாசல் தோரணம், சீட்டியில் ஜன்னல் திரை, மல் துணியில் தலையணை உறை என்று கட்டாத வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அவளிடம் ஏற்பாடு இருந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு மாமாவைப் பற்றித் தகவல் இல்லை. அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் என்று சித்தப்பாவுக்கு நிச்சயமாயிற்று. புது மணமக்களுக்கு அந்த ஓர் அறையைத் தவிர வேறு இடமில்லை. பாதியையாவது கழித்துவிடும்படி அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். அத்தை மறுக்கவில்லை.

மறுநாள் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்து பிரித்தார்கள். வேண்டாதவை என்று ஒரு கூடை ஒதுக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பாதியைப் பெட்டிக்கே திருப்பிவிட்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு மூட்டை சீட்டித் துணியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, அதில் ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்று கேட்டு, மூட்டையோடு திரும்பி வந்தாள். அம்மாவால் தலை நிமிர முடியவில்லை.

"அவரு வந்து, திரை எங்கன்னு கேட்டா நான் என்னங்க அண்ணி சொல்லட்டும்?" என்றாள் அத்தை. அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நண்பகல், சேலத்திலிருந்து வரும், கரியில் ஓடும் பஸ்ஸில் இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு சிறுமி. இருவர் காலிலும் புண். பர்மாவிலிருந்து மலைக்காடு வழியாக நடந்து வந்தவர்கள் என்றார்கள். சிறுமி முழங்கால் வரை தொங்கும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டியிருந்தாள். வேறு துணி அவளுக்கு இல்லை.

யார், எந்த ஊர் என்று அப்பா விசாரித்தபோது அந்தப் பெண் தலைகுனிந்து அழுதாள். அத்தை சிறுமியின் அருகே போய்ச் சட்டையின் பித்தான் துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். அது அவள் தைத்து மாமாவிடம் கொடுத்தனுப்பிய சட்டை. அதன்பிறகு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பசியோட போனாருங்களா?"

"இல்லீங்க அக்கா. காய்ச்சல். கடைசியா ஒரு வாய் கஞ்சி கொடுத்தேன், குடிச்சாரு."

அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கூப்பிட்டும் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அம்மா பயந்துபோய்க் கதவைத் தள்ளினாள். ஜன்னல் திரைக்கென்று வைத்திருந்த பூப்போட்ட சீட்டியைத் தரையில் விரித்து, அத்தை பாவாடை வெட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

பிறகு அந்த அறை வேகமாகக் காலியாயிற்று. தலையணை உறைக்கான மல் துணி சிறுமிக்கு உள்பாவாடையாயிற்று. அந்தப் பெண்ணுக்கு ரவிக்கைகள் வந்தன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சத்திரத்தில் பர்மாவிலிருந்து வந்த இன்னும் சில குடும்பங்கள் தங்கியிருந்தன. துணி கிடைக்காத யுத்த காலம். அத்தை அங்கே குழந்தைகளுக்கு அளவெடுத்து வந்து தைத்துக் கொடுத்தாள். பித்தான்கள் போயின, நூல்கள் போயின. மணிகளைக்கூடக் கோத்துக் குழந்தைகள் கழுத்தில் போட்டுவிட்டாள். குதிருக்குள் மறுபடி நெல் ஏறியது. நல்லவேளை, கல்யாணத்துக்குள் அத்தைக்குப் புத்தி வந்துவிட்டது என்று சித்தப்பா சொல்ல, அப்பா அவரை முறைத்தார்.

மாமாவுக்கு ரங்கூனில் இன்னொரு குடும்பம் இருந்ததை அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தச் சிறுமி அத்தையைப் பெரியம்மா என்று கூப்பிட்டது மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. அத்தை எப்படிப் பெரியம்மா ஆவாள் என்று அம்மாவிடம் கேட்டேன். போய்த் தறிக்கு நூல் தார் சுற்று என்று விரட்டினாள். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே நானே யோசித்தேன். இவளுக்குப் பெரியம்மா என்றால், இவள் அம்மா அத்தைக்குத் தங்கை. அத்தைக்குத் தங்கை என்றால் அப்பாவுக்கும் தங்கை. ஆகவே எனக்கு இன்னோர் அத்தை கிடைத்திருக்கிறாள்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அத்தையிடமே சொன்னேன். தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள். அடுப்படியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைச் சற்று நேரம் பார்த்தாள்.

"ஆமாஞ் சாமி," என்றாள். "அப்படியே கூப்புடு."