இடது தோளில் ஒரு விரல்

ஜெனிதாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆயிற்று. பதினெட்டு வருஷமாகப் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள், பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொண்டு திரிந்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டே அறை, அதுதான் நீரஜா டாக்டரின் கிளினிக். டாக்டருக்கு அறுபத்து மூன்று வயது. கை சுத்தம், கோபம் மூக்கு நுனியில். ஜெனிதா சாந்தோமில் மீன் விற்கிற குடும்பத்துப் பெண். சாமான்களைக் கழுவிக் கொதிக்க வைக்கிற வேலைக்கு வந்தாள். நாளாக ஆக, டாக்டர் கையை நீட்டினால் வேண்டியதைக் கேட்காமலே வைக்கிற அளவுக்குத் தேறினாள். அவள் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, டாக்டரும் கேட்டதில்லை. அவர்களுக்குள் அப்படித்தான் வழக்கம்.

இந்த வழக்கத்தால்தான் வினையே வந்தது.

ரூட் கெனால் என்பது பல்லின் வேருக்குள் அழுகிய நரம்பை எடுத்து, மெல்லிய ஊசியால் நுனிவரை சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை. நுனிக்கு முன்னால் நின்றுவிட்டால் உள்ளே அழுக்கு மிஞ்சும். தாண்டினால் ஊசி தாடைக்குள் குத்தும். நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு மிஷின். உதட்டில் ஒரு கொக்கி, ஊசியில் ஒரு கிளிப். ஊசி இறங்க இறங்க மிஷின் விட்டு விட்டுக் கூவும், நுனி நெருங்கினால் அவசரப்படும், நுனியைத் தொட்டால் விடாமல் ஒரே சத்தமாகக் கத்தும். திரையில் கோடும் ஓடும்தான். ஆனால் பெரிதாகக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கிற டாக்டர் நிமிர்ந்து திரையைப் பார்த்தால் கை நழுவிவிடும். அவர் காதை நம்பியே வேலை செய்து பழகியவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ராயப்பேட்டையில் ஜரிகை வேலை செய்கிற கைசர் ஜஹான் என்கிற அம்மா வந்து படுத்தார். மிஷின் விடாமல் கத்தியது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் விரல்கள் மட்டும் ஊசியைத் திருகிக்கொண்டே போயின. ஜெனிதா பக்கத்தில்தான் நின்றாள். டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நின்றாள். அந்த அம்மாவின் முகம் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது, இரண்டாவது மாதம் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று.

டாக்டர் மிஷினைத் திட்டினார். பழுது பார்க்கிற உபைத் வந்து, சோதித்துவிட்டு, "மிஷின் நல்லாத்தான் கீது மேடம்" என்றான். அவனையும் திட்டினார். புது மிஷின் வந்தது. சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்தார். பேச்சு எல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்டது. அந்தக் கீச்சுச் சத்தம் ஒன்றுதான் அவர் காதை விட்டுப் போயிருந்தது.

புது மிஷின் வந்த அன்று ஜெனிதா டாக்டருக்குப் பின்னால் போய் நின்று, இடது தோளில் ஒரு விரலை வைத்தாள். மிஷின் கூவுகிறபோதெல்லாம் மெல்லத் தட்டினாள். அது அவசரப்பட்டபோது அவளும் அவசரமாகத் தட்டினாள். அது விடாமல் கத்தியபோது விரலை அழுத்தி வைத்தாள். டாக்டரின் கை நின்றது. ஏன் தட்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஒரு பல்லும் கெடவில்லை.

இப்போது அவளுடைய பல்லே வலிக்கிறது. அவள் ஒரு பக்கமாக மெல்வதை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வா, நானே பண்ணிடறேன்."

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பாத்துக்கிறேம்மா. உங்களுக்கு இன்னாத்துக்கு சிரமம்?"

"ஏன், என் கை அவ்வளவு மோசமாடி?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குப் பதில், வருகிறேன் என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் அவர்கள் இரண்டு பேர்தான். ஊசி போட்டுப் பாதி முகம் மரத்துப் போயிற்று. வாயின் மேல் ரப்பர் விரிப்பை இழுத்துக் கட்டியாயிற்று. எத்தனையோ பேர் உதட்டில் அவள் மாட்டிய கொக்கி அவள் உதட்டில் தொங்கியது. டாக்டரின் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மிஷின் கூவத் தொடங்கியது. ஜெனிதா நாற்காலிக்கு வெளியே கையை நீட்டி, டாக்டரின் முழங்காலில் தட்டினாள்.

"வலிக்கறதா? இன்னொரு ஊசி போடட்டுமா?"

இல்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி தட்டினாள். சத்தம் அவசரப்பட்டது, விரலும் அவசரப்பட்டது. சத்தம் விடாமல் கத்தியதும் அழுத்தி வைத்தாள்.

டாக்டரின் கை நின்றது. ஊசியை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திரும்பித் திரையைப் பார்த்தார். கோடு கடைசியில் சிவப்பாக நின்றது.

"மிஷின் இப்போ கத்திண்டிருக்கா?"

ஜெனிதா ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"அன்னிக்கு கைசர் ஜஹானுக்கும் கத்தித்தா?"

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் மேலே விளக்கைப் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு ஆமாம் என்று அசைத்தாள்.

"ஏன் நீ சொல்லலை?"

வாயை ரப்பர் மூடியிருந்தது. பதில் கேட்பதற்காக டாக்டர் அதை எடுக்கவும் இல்லை.

மிச்ச வேலையை அவர் முடித்தார். ஒவ்வொரு வேருக்கும் முழங்காலில் விரல் அழுந்தும்வரை காத்திருந்து, பூப்போலச் செய்தார். அடுத்த வாரம் கைசர் ஜஹானின் வீட்டைத் தேடிப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று ஜெனிதாவுக்குத் தெரியாது. இரண்டே மாதத்தில் கிளினிக்கை மூடினார். கடைசி நாளும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவள் பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தாள். பயந்துவிட்டேன், உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அடையாறில் ஒரு பெரிய கிளினிக்கில் வேலை. பல் வலிப்பதில்லை, எதையும் கடிக்கலாம். போன வாரம் அங்கே ஒரு ரூட் கெனாலின்போது மிஷின் கூவ, அவள் விரல் தானாக எழுந்து ரெஹான் டாக்டரின் தோளில் போய்த் தட்டியது. அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"அக்கா, கையை எடுங்க. எனக்குக் கேக்குது."

ஜெனிதா கையை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.