தறிக்குழி வெட்டிய வீடு

“ஆசியா உம்மா. சோனகர். குடும்பத் தலைவர் உசனாரை அண்டி வாழ்பவர். தொழில் இல்லை. சாந்த சுபாவம்.”

குடியேற்ற அதிகாரி எழுதிய இந்த வருணனையில் இனம் மட்டும் சரி. தொழிலில்லாத அந்தப் பெண் நெய்த சாரத்தை உடுத்துக்கொண்டுதான் காத்தான்குடியில் பாதி ஆண்கள் பெருநாள் தொழுதார்கள். சாந்தத்தைப் பற்றிக் கணவர் உசனாரைக் கேட்க வேண்டும்.

1942இல் வாவிக்கரையிலிருந்த ஆசியா உம்மாவின் வீட்டையும் அயல்வீட்டுச் சின்னத்தங்கத்தின் வீட்டையும் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு அரசாங்கம் மண்வீடுகள் கட்டியது. வட்டை எனும் வயல்வெளிக்கு வடக்கே சோனகர் வரிசை, தெற்கே தமிழர் வரிசை. ஆசியா உம்மாவின் பாவு நூலை மறுமுனையில் பிடித்து நீட்டுபவர் சின்னத்தங்கம். நடுவில் ஒரு வட்டையை வைத்துக்கொண்டு நெசவு நடக்காது.

“ரெண்டு வரிசையும் ஒன்றுதான் அம்மா. ஒரே சுவர், ஒரே கூரை. பாகுபாடே இல்லை” என்றார் அதிகாரி.

“ஒண்டெண்டா, நான் எதுல இரிந்தா ஒங்களுக்கென்ன?”

அதிகாரி உசனாரிடம் திரும்பினார். “நீர்தானே தலைவர்? மனைவிக்குச் சொல்லும். வடக்கே போகாவிட்டால் வீடே கிடையாது.”

உசனார் தலையைச் சொறிந்தார். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணின் சீதனம். மாப்பிள்ளை அதற்குள் வந்து சேர்பவர்.

“தலைவராக்கினதுக்குச் சந்தோசம் ஐயா. ஆனா நான் பொண்டாட்டிட வீட்டுக்கு வந்தவன். அவ எங்க உலை வெச்சாவோ, அங்கதான் எனக்குச் சோறு.”

நாளைக்குப் பொலிசோடு வருவதாகச் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

தெற்கு வரிசையில், சின்னத்தங்கத்துக்கு அடுத்த வீடு எவருக்கும் ஒதுக்கப்படாமல் திறந்து கிடந்தது. ஆசியா உம்மா மண்வெட்டியோடு அதற்குள் நுழைந்து, தரையைக் கொத்தத் தொடங்கினார். நெய்பவர் காலை இறக்கித் தறியை மிதிப்பதற்கு இடுப்பளவு குழி வேண்டும்.

“நாளைக்கு ஒன்னத் தூக்கி வெளியால எறிஞ்சா என்ன புள்ள செய்வாய்?” என்றார் சின்னத்தங்கம், மண்ணை அள்ளிக்கொண்டே.

“என்னையும் எறிவாங்க. தறியையும் எறிவாங்க. குழியத் தூக்கி எறிவாங்களா கா?”

மறுநாள் அதிகாரி குழியின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். பொலிஸ்காரரும் எட்டிப் பார்த்தார். பிறகு அதிகாரி, “தரை சேதம். எந்த இனத்தவருக்கும் ஒதுக்கத் தகாத வீடு” என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போனார்.

எந்த இனத்தவருக்கும் ஒதுக்காத அந்த வீட்டில் ஆசியா உம்மா கண் மூடி மௌத்தாகும்வரை நெய்தார்.