பூட்டிக்கொள்ளாத கன்வர்ட்டர்

அமீரகத்தில், புஜைரா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் முதலாளியின் மூக்குதான் முதல் டெஸ்ட். ஆட்டோமேட்டிக் வண்டி எது வந்தாலும் கியர் ஆயில் குச்சியை உருவி மூக்கருகே பிடிப்பார். கண்ணை மூடுவார். "கியர்பாக்ஸ் கலாஸ்" என்பார். அதற்கு மேல் ஒரு காரணமும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அரபியில் கலாஸ் என்று விழுந்துவிட்டால் அப்பீல் கிடையாது என்று அங்கே எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதே ஆள் தமிழில் "முடிஞ்சுபோச்சு" என்றிருந்தால் நாலு பேராவது "எப்படிங்க?" என்று கேட்டிருப்பார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலத்துச் சாயங்காலம், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரத் தம்பதி ஒரு பழைய ஜப்பான் காரில் வந்தார்கள். கணவர் துறைமுகத்தில் டெக்னீஷியன். ஊரில் மீன் லாரி ஓட்டியவர். அதை வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த அம்மா நர்ஸ். வாரம் முழுக்க டியூட்டிக்கு அந்தக் காரை ஓட்டுவது அவர்தான். கணவர் வெள்ளிக்கிழமை மட்டும், துபாய்க் கோயிலுக்குப் போகும்போது ஓட்டுவார்.

"அண்ணாச்சி, வண்டி ஸ்லிப் ஆவுது. என்ஜின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்கு. கன்வர்ட்டர் போயிட்டு. எல்லாம் இவ ஓட்டி ஓட்டிக் கெடுத்தது."

"எனக்கு அப்பிடி ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர் மனைவி.

"ஒனக்கு என்னத்தத் தெரியும்? ஆட்டோமேட்டிக் லைசென்ஸு. அரை லைசென்ஸு."

அரை லைசென்ஸ் என்பது அந்த நாளில் கியர் போட்டு லைசென்ஸ் எடுத்த ஆண்கள் எல்லோர் வாயிலும் இருந்த சொல். பெண்கள் ஓட்டினால் கியர் கெடும் என்பதும் கூடவே வரும். பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் கெடும் என்பது போலச் சொல்வார்கள். எந்தப் பல் தேயும், எந்தத் தட்டு கருகும் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

முதலாளி வந்தார். குச்சி, மூக்கு, கண். "கியர்பாக்ஸ் கலாஸ்."

"பாத்தியா? இந்தச் சவத்த வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுருவோம். நீ ஆஸ்பத்திரி வேன்லயே போ" என்றார் கணவர், ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அண்ணே, இத வித்தா பெறகு எனக்கு வண்டியே கெடையாது. திரும்ப எடுத்துத்தர மாட்டாவ. கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சரி, மூக்குக்கு வெளியே போய்ப் பார்ப்போம் என்று சாவியை வாங்கினேன்.

கன்வர்ட்டர் என்பது என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் நிறைந்த ஒரு பானை. உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒன்று எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் மற்றதைச் சுற்றும். நடுவில் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். அதனால் வண்டி வேகம் பிடித்துச் சீராக ஓடும்போது உள்ளிருக்கும் ஒரு தட்டு இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். பூட்டியதும் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் சற்று இறங்கும். பிரேக்கைத் தொட்டால் பூட்டு உடனே அவிழும்.

முதலில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரில் போட்டு, சில நொடி ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. நின்ற நிலையில் வழுக்கல் இல்லை. அப்படியானால் ஓட்டத்தில்தான் பார்க்கவேண்டும். கணவரை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்திலும் அந்த அம்மா பின்னாலும் உட்கார்ந்து, கடலோரத்துக் கல்பா ரோட்டில் போனோம். நல்ல சமதளம். அவர் சொன்னது பொய்யில்லை. முள் இறங்கவே இல்லை. என்ஜின் தனியாகக் கத்திக்கொண்டு வந்தது.

"பாத்தியளா?"

பார்த்தேன். ஆனால் தினமும் ஓட்டுகிறவர் தெரியவில்லை என்கிறார், வாரத்துக்கு ஒருநாள் ஓட்டுகிறவர் தெரிகிறது என்கிறார். "தங்கச்சி, நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"இவளா? இவ ஓட்டி என்ன தெரியப்போவுது?" என்றபடி பின்னால் ஏறினார். ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. "இண்டிகேட்டரு போடு. பிக்கப் வாரான் பாரு. இவ்வளவு ஓரமா என்னத்துக்குப் போற?" அந்த அம்மா எதற்கும் திரும்பவில்லை. வேகம் பிடித்துச் சீரானதும், முள் மெல்ல இறங்கி நின்றது. பூட்டிக்கொண்டது.

பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னேன். முள் ஏறியது. எடுக்கச் சொன்னேன். இறங்கியது. கன்வர்ட்டர் உயிரோடுதான் இருந்தது.

மறுபடி கணவரை உட்காரவைத்தேன். இந்தத் தடவை முள்ளைப் பார்க்காமல் கீழே குனிந்து பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலேட்டரில். இடது கால் பிரேக்கின்மேல், சாய்வு நாற்காலியில் கிடப்பது போல.

"தம்பி, இந்தக் கால் அங்க என்ன பண்ணுது?"

"எது?"

"இடது கால்."

"அது சும்மா வச்சிருக்கேன். லாரில கிளச்சுமேல வச்சே பழக்கம் அண்ணாச்சி. கால் எங்கயாவது இருக்கணும்லா?"

"பிரேக்ல இருக்கு. நீங்க ஓட்டுற வரைக்கும் வண்டி பூட்டாது. ஆயில்தான் கொதிக்கும்."

பின் சீட்டிலிருந்து அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "அதான் துபாய் போற வழியெல்லாம் பிரேக் லைட்டு அணையாம எரிஞ்சிருக்கு, பொறத்தாலே வாரவன் லைட்டு அடிச்சிட்டே வாரான். இவிய அவனுவளுக்குத் திமிருன்னு ஏசிட்டு வாராவ."

கணவர் காலை இழுத்து சீட்டுக்கடியில் ஒளித்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் முள் இறங்கியது. அதைப் பார்க்காதவர் போல ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். மீன் லாரியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஒர்க்‌ஷாப்பில் முதலாளியிடம் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான் அப்பவே ஆயில் கருகியிருக்குன்னு கண்டுபிடிச்சேனே" என்றார். இந்த மாதிரி ஆட்களைத் தோற்கடிக்க முடியாது, அதற்கு முதலில் அவர்கள் ஏதாவது காரணம் சொல்லியிருக்கவேண்டும்.

ஆயில் மாற்றிக் கொடுத்தேன். "அப்ப விக்கிறது?" என்று கேட்டார் மனைவி.

"கெடக்கட்டும், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் கணவர், தானே இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தவர் போல. கையை நீட்டினார். சாவி ஏற்கெனவே அந்த அம்மாவின் கையில் இருந்தது.

"இனி வெள்ளிக்கிழமையும் நானே ஓட்டுதேன். நீங்க பக்கத்துல இருந்து குத்தம் சொல்லிட்டு வாங்க."

இரண்டு பக்கமும் எலும்புக்கூடாக நின்ற கார்களுக்கு நடுவிலிருந்து அந்த அம்மா வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கணவர் வேகமாகப் போய் வண்டிக்குப் பின்னால் நின்று, யாரும் கேட்காமலே "வா, வா, ரைட்ல ஒடி, வா" என்று கையை ஆட்டினார். அந்த அம்மா கண்ணாடியில் கார்களைப் பார்த்து எடுத்தார்.